எந்தக் குரல் எந்தப் பக்கம்?

எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் கனடாக்காரருக்கு அது உச்சிவேளை, சிங்கப்பூர்க்காரருக்கு நடுநிசி. வீடியோ கிடையாது, குரல் மட்டும்தான். ஆறு பேரில் இருவர் அண்ணன் தம்பி. நேரில் பார்த்தால் ஒருவர் ஒல்லி, ஒருவர் குண்டு; குரலில் மட்டும் அச்சு அசல் ஒன்று. அண்ணன் பெங்களூரில், தம்பி கோவையில். பேசுவது யார் என்று பிடிபடுவதற்குள் ஒரு வாக்கியம் ஓடிவிடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பேச ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். "டேய், இப்ப சொன்னது யாரு?" என்பதே பாதிப் பேச்சாகிப் போனது.

ஒவ்வொரு சத்தமும் ஒரு திசையிலிருந்து வருவதுபோலக் கேட்க வைக்கும் ஸ்பேஷியல் ஆடியோவை வைத்துப் பார்க்கலாம் என்று நான் இறங்கியது இந்தத் தொல்லைக்காகத்தான். சினிமா பார்க்கவோ, விளையாட்டில் எதிரியின் காலடிச் சத்தம் கேட்கவோ இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் ஸ்பேஷியல் என்ற பெயரில் விற்பதில் முக்கால்வாசி அந்த இரண்டுக்கும் செய்தது. குரல் அரட்டைக்கு அது உதவாது. ஏன் உதவாது என்பது புரிந்துவிட்டால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் புரிந்துவிடும்.

திண்ணையில் ஆறு பேர் உட்கார்ந்து பேசினால் கண்ணை மூடிக்கொண்டே ஆளைச் சொல்லலாம். நம் இரண்டு காதுகளுக்கும் நடுவே பதினேழு, பதினெட்டு சென்டிமீட்டர் இடைவெளி. வலப்பக்கம் ஒருவர் பேசினால் அந்தச் சத்தம் இடக்காதுக்குப் போய்ச் சேர ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான தாமதம்; அதிகபட்சம் 0.6, 0.7 மில்லி விநாடிதான். அதோடு தலை நடுவில் மறைப்பதால் கீச்சொலிகள் அந்தக் காதில் கொஞ்சம் மங்கிக் கேட்கும். தாமதம், மங்கல் இந்த இரண்டையும் வைத்துத்தான் மூளை இடம் வலம் சொல்கிறது என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1907-லேயே எழுதிவிட்டார். மேலா கீழா, முன்னாலா பின்னாலா என்று சொல்வது காதுமடலின் வேலை. இவை எல்லாவற்றையும் அளந்து கணக்காக்கி ஹெட்போனில் போலி செய்வதைத்தான் எச்.ஆர்.டி.எஃப். என்கிறார்கள்.

சாதாரண அரட்டைச் செயலியில் இது எதுவும் இல்லை. எல்லாக் குரலும் இரண்டு காதிலும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் விழும். அதனால் ஆறு பேரும் நம் மண்டைக்கு நடுவில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

1953-இல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒரே ஆள் வாசித்த இரண்டு வேறு பேச்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கலந்து இரண்டு காதிலும் போட்டபோது, கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பிரிக்க முடிந்தது. அதே இரண்டையும் காதுக்கு ஒன்றாகப் போட்டதும் வேண்டியதை எளிதாகப் பின்தொடர்ந்துவிட்டார்கள். ஒரே ஆளின் குரல் என்பதைக் கவனியுங்கள். எங்கள் அண்ணன் தம்பி விவகாரம் அப்படியே இதுதான். காதுமடல் கணக்கெல்லாம் இல்லாமலேயே, வெறும் இடம் வலம் பிரிந்தாலே பேச்சு பிடிபடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: குரல்கள் ஒன்றோடொன்று கலப்பதற்கு முன்னால் பிரிக்க வேண்டும். சாம்பாரில் கரைந்த பிறகு பெருங்காயம் எது புளி எது என்று கரண்டியால் பிரிக்க முடியாது.

சரி, கைக்கு எட்டும் வழிகளைப் பார்ப்போம்.

முதலில் எல்லோரும் போய் விழுகிற குழி. விண்டோஸில் சத்தத்துக்கான அமைப்புக்குள் 'ஸ்பேஷியல் சவுண்ட்' என்று ஒன்று உண்டு. விண்டோஸ் சோனிக் 2017-இலிருந்து இலவசமாகவே வருகிறது. டால்பி அட்மாஸ், டி.டி.எஸ். ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். நான் அதற்கும் முன்னால் ஒரு படி போய், பெட்டியில் '7.1' (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று கணக்கு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஹெட்செட் ஒன்றை வாங்கினேன். பொத்தானை அமுக்கினேன். ஆறு பேரும் அதே நடு நாற்காலியில்தான் இருந்தார்கள், நாற்காலியை மட்டும் குளியலறைக்குள் தூக்கிப் போட்டாற்போல் இருந்தது.

விஷயம் இதுதான். இந்த வசதிகள் எல்லாம் ஏற்கெனவே பல சேனலாகப் பிரிந்து வரும் ஒலியை வாங்கி, அறையில் பல ஸ்பீக்கர்கள் இருப்பதுபோலக் காட்டுகிறவை. படத்தில் ஹெலிகாப்டர் பின்பக்கத்துச் சேனலில் தனியாக வருகிறது, அதனால் பின்னால் கேட்கும். அரட்டைச் செயலியோ எல்லாக் குரலையும் தன்னுள்ளேயே கலந்து இரண்டே சேனலாகத்தான் விண்டோஸிடம் கொடுக்கிறது. விண்டோஸ் என்ன செய்யும் பாவம், அந்த இரண்டையும் முன்பக்கத்து இரண்டு ஸ்பீக்கர்போலக் காட்டும். இரண்டிலும் ஒரே குரல் என்பதால் மறுபடியும் நடு. எதிரொலிச் சாயல் சேர்ந்து சொல் வேறு மங்கும். அரட்டைக்கு இதை அணைத்துவைப்பதே நல்லது. விளையாட்டிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: கவுண்டர்-ஸ்ட்ரைக் போன்றவை 2016-இலிருந்தே தாமே எச்.ஆர்.டி.எஃப். செய்கின்றன. அதன் மேல் விண்டோஸும் செய்தால் அரைத்த மாவை மறுபடி அரைத்த கதைதான். திசை கூர்மையாவதற்குப் பதில் குழம்பும்.

பலரும் பயன்படுத்தும் அரட்டைச் செயலியான டிஸ்கார்டு பற்றிக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. ஒவ்வொருவர் பெயரையும் வலது க்ளிக் செய்து அவர் குரலை மட்டும் 200 சதவீதம் வரை ஏற்றலாம், அடியோடு குறைக்கலாம். அதாவது குரல்கள் நம் கணினிக்குத் தனித்தனியாகத்தான் வந்து சேர்கின்றன, கலப்பது இங்கேதான். பக்கத்திலேயே இடம் வலம் தள்ள ஒரு குமிழ் வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், செயலி எழுதுகிறவர்களுக்கான அவர்களுடைய ஆவணத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் இட வல அளவு என்று ஒரு அமைப்பு எழுதியே இருக்கிறது. நம் திரையில் அதற்குப் பொத்தான் இல்லை. ஆளெல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள் என்பதுதான் டிஸ்கார்டின் பலம். நாங்களும் ஒரு வருடம் அங்கே காலம் தள்ளினோம்.

ஆறு பேரிடமும் ஆப்பிள் சாதனம் இருக்கிறதா? அப்படியென்றால் மேலே படிக்கவே வேண்டாம். 2021-இல் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஃபேஸ்டைம் குழு அழைப்பில், திரையில் யார் எந்த இடத்தில் தெரிகிறாரோ அந்தத் திசையிலிருந்தே அவர் குரல் வருகிறது. ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் காலத்துக் கருவியோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அமைப்பதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை. மற்றவர்கள் ஆண்ட்ராய்டிலோ விண்டோஸிலோ இருந்தால் இணைப்பை அனுப்பி உலாவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் இந்த விருந்து அவர்கள் இலைக்கு வராது. எங்கள் ஆறு பேரில் ஐபோன் வைத்திருப்பது இரண்டு பேர். அதனால் இது எங்களுக்குப் பேச்சிலேயே முடிந்தது.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸிலும் 2023-இலிருந்து இதே ஏற்பாடு உண்டு. கட்டங்களில் இடப்பக்கம் தெரிகிறவர் இடப்பக்கம் கேட்பார். கணினிச் செயலியில், சாதனங்கள் பகுதியில் ஒரு பொத்தானைப் போட்டால் போதும். வயர் ஹெட்போனோ யுஎஸ்பி ஹெட்செட்டோ இருப்பது நல்லது. அலுவலகக் கூட்டம் ஏற்கெனவே டீம்ஸில்தான் என்றால் இன்றைக்கே போட்டுப் பாருங்கள், பத்துப் பேர் கூட்டத்தில் வித்தியாசம் தெரியும். நண்பர்களோடு அரட்டைக்கு டீம்ஸைத் திறக்கச் சொன்னபோது சிங்கப்பூர்க்காரர் கேட்டது: "வாரத்துல அஞ்சு நாள் பார்க்கிற மூஞ்சியை ஆறாவது நாளும் பார்க்கணுமா?" நியாயம்தானே.

அடுத்து நாங்கள் உண்மையிலேயே பயன்படுத்திப் பார்த்த இரண்டு. ஆனால் அதற்குள் போகும் முன் ப்ளூடூத் பற்றிப் பேசியாக வேண்டும். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

காதில் சொருகும் ப்ளூடூத் இயர்போனில் பாட்டு கேட்கும்போது இடம் வலம் அருமையாகப் பிரியும். அதே இயர்போனின் மைக்கையும் அரட்டைச் செயலி கேட்ட அந்தக் கணத்தில் ப்ளூடூத் வேறு முறைக்குத் தாவிவிடும். பாட்டுக்கான முறை ஸ்டீரியோ, ஆனால் ஒருவழிப் பாதை. பேச்சுக்கான முறை இருவழி, ஆனால் மோனோ. தரமும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளுக்கு இறங்கிவிடும். அழைப்பில் சேர்ந்ததும் சத்தம் திடீரென்று பழைய தொலைபேசிபோல் ஆவதைக் கவனித்திருப்பீர்கள், அது இதுதான். மோனோ ஆன பிறகு எந்தச் செயலி என்ன வித்தை காட்டினாலும் இரண்டு காதிலும் ஒன்றே விழும். கனடாக்காரர் மூன்று வாரம் "எனக்கு ஒண்ணும் பிரியலையே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சர்வரை நோண்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் அவர் காதில் ப்ளூடூத்.

தப்பிக்க வழி இருக்கிறது. கேட்பதற்கு ப்ளூடூத், பேசுவதற்கு மடிக்கணினியின் மைக் என்று செயலியில் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் ஸ்டீரியோ நிலைக்கும். மின்விசிறிச் சத்தத்தையும் குக்கர் விசிலையும் அந்த மைக் ஊருக்கெல்லாம் ஒலிபரப்பும் என்பது வேறு விஷயம். எல்.இ. ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறை பேசும்போதும் ஸ்டீரியோவை விடாமல் வைத்திருக்கக்கூடியது, ஆனால் ஹெட்போன், கணினி, இயங்குதளம் மூன்றும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். என் சிபாரிசு ரொம்பப் பழைய பாணி. ஏதோ ஒரு போனோடு வந்து, மேசை இழுப்பறையில் சிக்குப் பிடித்துக் கிடக்கும் வயர் இயர்போனை எடுங்கள். அதன் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் அறையின் எதிரொலி சேராது. எதிரொலியோடு வரும் குரலுக்கு இடம் கொடுத்தால் ஆள் தெரியமாட்டார், அவர் அறைதான் தெரியும். மாட்டும்போது எல், ஆர் எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள், அவ்வளவுதான்.

இப்போது சோனோபஸ். இசைக்கலைஞர்கள் வெவ்வேறு ஊரிலிருந்து சேர்ந்து வாசிக்கப் பயன்படுத்தும் இலவச, திறமூலச் செயலி. கணினியிலும் கைபேசியிலும் ஓடும். குழுவுக்கு ஒரு பெயர் வைத்து எல்லோரும் அதே பெயரில் நுழைந்தால் போதும், சர்வர் வாடகை கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒலியளவு ஒரு குமிழ், இடம் வலம் ஒரு குமிழ். டிஸ்கார்டில் நான் ஏங்கிய அதே குமிழ்! அண்ணனை இடப்பக்கம் பாதி தள்ளினேன், தம்பியை வலப்பக்கம் பாதி. ஐந்தே நிமிடம். அன்றைக்கு இரவு முதல் முறையாக அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் மறித்துச் சண்டை போட, இரண்டு பக்கமும் முழுசாகப் புரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. இது ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் நேரடியாகக் குரல் அனுப்பும் ஏற்பாடு. ஆறு பேர் என்றால் என் குரலை நான் ஐந்து முறை அனுப்ப வேண்டும். மொபைல் இணைப்பில் இருந்தவர் திணறினார். எதிரொலியை நீக்கும் வசதி இல்லாததால் ஒருவர் ஸ்பீக்கரில் போட்டாலும் ஐந்து பேருக்கும் தம் குரலே திரும்பி வரும். பேச்சுக்கு மறையாக்கமும் (வெளியார் ஒட்டுக்கேட்காதபடி பூட்டுவது) கிடையாது. ரகசியம் பேசுகிற கூட்டம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இங்கே ஆட்களை உட்கார வைப்பது கேட்பவர். நான் அமைத்தது என் காதுக்கு மட்டும். என் இடப்பக்கம் இருக்கும் அண்ணன் கனடாக்காரருக்கு எங்கே இருக்கிறார் என்பது அவர் பாடு.

மம்பிள் இதற்கு நேர் எதிர். 2005-இலிருந்து இருக்கும் திறமூலச் செயலி, விளையாட்டுக்காரர்களுக்காகப் பிறந்தது. விளையாட்டில் உங்கள் ஆள் எங்கே நிற்கிறாரோ அந்த ஆயத்தொலைவுகளைக் குரலோடு சேர்த்தே அனுப்பும். கேட்பவரின் கணினி தன் இடத்தோடு ஒப்பிட்டுத் திசையைக் கணக்கிடும். விளையாட்டே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பிளக்-இன் பட்டியலில் 'மேனுவல் ப்ளேஸ்மென்ட்' என்று ஒன்று இருக்கும். அதில் நம் இருக்கையை எண்ணால் நாமே கொடுக்கலாம். ஆக, ஆளாளுக்குத் தன் இடத்தைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே வட்டம் அமையும்.

நான் ஒரு தாளில் வட்டம் போட்டேன். இரண்டு மீட்டர் ஆரம், ஆறு இருக்கை, அறுபது பாகைக்கு ஒன்று. முதல் இருக்கை 0, 2. அடுத்தது 1.73, 1. அப்புறம் 1.73, -1. எதிர் இருக்கை 0, -2. இப்படியே சுற்றி வர வேண்டும், எல்லோர் முகமும் நடுவைப் பார்க்க. இதில் ஒரு அழகு இருக்கிறது. எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் பக்கத்துக்காரர்கள் இருவரும் இடம் வலமாக அறுபது பாகையில் இருப்பார்கள், அடுத்த இருவர் முப்பது பாகையில், எதிர்ப்பட்டவர் நேர் முன்னால். ஒருவரும் முதுகுக்குப் பின்னால் இல்லை. மம்பிளில் காதுமடல் கணக்கு இல்லாததால் முன்னும் பின்னும் பிரித்துக் காட்ட அதற்கு வராது; வட்டத்தில் உட்கார்ந்தால் அந்தக் குறையே தெரிவதில்லை.

முதல் நாள் சொதப்பினேன். மம்பிளுக்கு எக்ஸ் என்பது இடம் வலம், இசட் என்பது முன் பின், ஒய் என்பது உயரம். பள்ளிக்கூடத்து வரைபடத்தாள் ஞாபகத்தில் இரண்டாவது எண்ணை ஒய் கட்டத்தில் எழுதச் சொல்லி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். வட்டம் நெட்டுக்குத்தலாக எழுந்து நின்றுவிட்டது. ராட்டினத் தொட்டிலில் ஆறு பேர் தொங்கியபடி பேசியிருக்கிறோம். உயரத்தையும் மம்பிளுக்குப் பிரித்துக் காட்ட வராததால் ஒரே எக்ஸ் எண் கொண்ட இருவர் ஒருவர் மேல் ஒருவராகக் கேட்டார்கள். அந்த இருவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? அண்ணனும் தம்பியும்தான்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று நான்கு இருக்கின்றன. பிளக்-இன் பக்கத்தில் இடத்தை அனுப்பும் அனுமதியைத் தர வேண்டும். 'கான்டெக்ஸ்ட்' என்ற கட்டத்தில் எல்லோரும் ஒரே சொல்லை எழுத வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அவர் வட்டத்துக்கு வெளியேதான். ஒலி வெளியீட்டுப் பக்கத்தில் பொசிஷனல் ஆடியோவையும் ஹெட்போன் என்ற பெட்டியையும் டிக் செய்ய வேண்டும். தொலைவு கூடக் குரல் குறையும் என்பதால், எதிர் இருக்கைக்காரர் நான்கு மீட்டர் தள்ளி முனகுவதுபோல் கேட்டால் குறைந்தபட்ச ஒலியளவை ஏற்றிவிடுங்கள். இடத்தை அனுப்பாதவர் குரல் வழக்கம்போல் நடுவில் கேட்கும், அதனால் ஒருவர் அமைக்கத் தவறினாலும் அரட்டை நின்றுவிடாது.

சர்வர் ஒன்று வேண்டும் என்பது மம்பிளின் சுமை. ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில்கூட ஓடும், வெளியிலிருந்து நுழையும் வாசலாக 64738 என்ற போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். ஆனால் இங்கே பல வீட்டு இணைப்புகளில் நமக்கென்று தனிப் பொது இணைய முகவரி கிடைப்பதில்லை. பலருக்கும் சேர்த்து ஒன்றுதான். வெளியிலிருந்து கதவு தட்ட முடியாது. நாங்கள் ஆறு பேர் பங்கு போட்டு இருப்பதிலேயே சின்ன வாடகை சர்வர் ஒன்றை எடுத்தோம். குரல் எல்லாம் மறையாக்கத்தோடே போகிறது என்பது கூடுதல் நிம்மதி.

வேறு இரண்டு வழிகள் பெயரளவில். மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகள் என்றால் 'சிம்பிள் வாய்ஸ் சாட்' என்ற இணைப்பு போதும். பக்கத்தில் வந்தால் கேட்கும், விலகினால் மறையும். லினக்ஸில் கைதேர்ந்தவர் என்றால் அதன் ஒலி அமைப்பான பைப்வயரின் வடிகட்டிகளால் உண்மையான எச்.ஆர்.டி.எஃப். இருக்கைகளே செய்யலாம், ஆளுக்கொரு தனி ஒலியோடை கிடைக்குமானால். அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

ஆக, எல்லோரும் ஆப்பிள் என்றால் ஃபேஸ்டைம், அலுவலகம் என்றால் டீம்ஸ். மூன்று நான்கு பேர், நல்ல இணைப்பு, அமைக்க ஆள் இல்லை என்றால் சோனோபஸ். ஐந்தாறு பேர் வாராவாரம் கூடுகிறார்கள், ஒருவராவது மெனக்கெடத் தயார் என்றால் மம்பிள். நாங்கள் அங்கேதான் தங்கிவிட்டோம். எப்போதாவது ஒரு தடவை பேசுகிற கூட்டத்துக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், டிஸ்கார்டே போதும்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் சென்னை நண்பருக்குச் சிறு வயதிலிருந்தே இடக்காது கேட்காது. சோனோபஸில் நான் ஆர்வக்கோளாறில் "அண்ணனை முழுசா இடப்பக்கம் தள்ளிப் பாருங்க, சூப்பரா இருக்கும்" என்று சொல்ல, அவருக்கு அண்ணன் ஆளே காணாமல் போனார். அவர் அதைச் சொல்லவும் இல்லை, சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தார். மம்பிளில் பொசிஷனல் ஆடியோ கேட்பவர் பக்கத்து விஷயம். அவர் தன் கணினியில் அந்த டிக்கை எடுத்துவிட்டால் அவருக்கு மட்டும் எல்லோரும் நடுவில் கேட்பார்கள், மற்றவர்களின் வட்டம் கலையாது. விண்டோஸின் அணுகல்தன்மைப் பக்கத்தில் மோனோ ஆடியோ என்ற பொத்தானும் இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் இப்படி யாராவது இருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், அவராகச் சொல்லமாட்டார்.

போன மாதம் தம்பி பெங்களூருக்குப் போயிருந்தார். அண்ணன் கடைக்குப் போயிருந்த நேரம், அண்ணனின் மடிக்கணினியைத் திறந்து, அண்ணனின் இருக்கையிலிருந்தே "என்னப்பா எல்லாரும் வந்தாச்சா?" என்றார். வாங்கிய கடனைத் திருப்பித் தராத அண்ணனை நாங்கள் பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினோம். தம்பி ஒரு வார்த்தை மறுக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சென்னை நண்பர் மட்டும் தொடக்கத்திலேயே கேட்டார்: "டேய், இது தம்பி இல்ல?"